நாமன்னா எத்தனை பேர்

லிஃப்ட்டுக்குள் மண்டிபோட்டு உட்கார்ந்து மாப்பிள்ளை அளவெடுத்துக்கொண்டிருந்தார். நாடா தையலம்மாவுடையது. நேற்று மத்தியானம் கழுத்தில் போட்டதைக் கழற்றத் தோன்றாமல் அவள் அப்படியே நின்றிருந்தாள். அவரே வந்து உருவிக்கொண்டு போயிருந்தார்.

“நீளம் நாப்பத்தெட்டு இன்ச்தான் இருக்கு அத்தை.”

“அவர் அறுபத்தாறரை,” என்றாள் தையலம்மா. முப்பத்தெட்டு வருஷமாகப் புருஷனுக்குச் சட்டை தைத்துப் போட்டவளுக்கு இதற்கெல்லாம் நாடா வேண்டாம்.

“மூலைக்கு மூலை வச்சாக்கூட அறுபத்திரண்டுதான் வருது.”

நாலரை அங்குலம் அதிகம். பேண்ட்டாக இருந்தால் உள்ளே மடித்துத் தைத்துவிடலாம் என்று அவள் மனசு அது பாட்டுக்கு ஓடியது. எதை மடிக்கப் பார்க்கிறோம் என்று பிறகுதான் உறைத்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“உக்கார வச்சுக் கொண்டுபோனா என்ன?” என்றாள் நாத்தனார், கூடத்தில் கிடத்தியிருந்தவரின் ஒரே தங்கை. அவள் அழுதால் ஆறு தெருவுக்குக் கேட்கும். ஏழாவது தெருவில் ஜன்னலைச் சாத்துவார்கள். “நேத்து படகுல உக்காந்தபடிதானே அண்ணன் திரும்பி வந்தாரு? கரையில பாத்தவங்க தூங்குறார்னே நினைச்சாங்களாம்.”

“அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க.” மகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். துக்கத்திலும் எண்கள் மட்டும் தடங்கலில்லாமல் வரும். “படியிலதான் இறக்கணும். அஞ்சு மாடி, மாடிக்கு இருபத்திரண்டு படி. நாலு பேர் போதாது, ஆறு பேர் வேணும்.”

இது காதில் விழுந்திருந்தால் உள்ளே படுத்திருப்பவர் எழுந்து வந்து சண்டை பிடித்திருப்பார். அவர் லிஃப்ட்காரர். ஊரிலேயே உயரமான அலுவலகக் கட்டடத்தில் நாற்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். ஏறிய உயரத்தையெல்லாம் கூட்டினால் நிலாவுக்கு மூன்று தரம் போய்வந்திருக்கலாம். இறங்கியதைக் கழித்தால் ஒரு அடிகூட நகரவில்லை. மாடிப்படி என்பது அவருக்கு எதிர்க்கட்சி.

அந்த லிஃப்ட்தான் அவர் நாக்கைக் கெடுத்தது. “நாம இப்ப ஏழாவது மாடிக்குப் போறோம்,” “நாம கீழ போறோம்,” என்று நாளைக்கு நூறு தரம் சொல்லிச் சொல்லி, ‘நான்’ என்கிற வார்த்தையே அவருக்குத் தேய்ந்து போயிற்று. வீட்டிலும் நாமதான். “நாம குளிச்சாச்சு, துண்டு எங்க?” “நமக்கு முதுகு அரிக்குது.” கல்யாணத்தைப் பதிவு செய்த அன்றைக்கு, “உங்களுக்குச் சம்மதமா?” என்று அதிகாரி கேட்க, “நமக்குச் சம்மதம்,” என்றார். “உங்களுக்கு மட்டும் சொல்லுங்க, அவங்களை நான் தனியாக் கேப்பேன்,” என்று அதிகாரி அதட்ட வேண்டியிருந்தது. ஒரு தரம் தையலம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனவர், “நமக்கு மூணு நாளா வெளிக்கிப் போகலைங்க,” என்றார். டாக்டர் இரண்டு பேருக்கும் மருந்து எழுதிவிட்டார். அவளும் வாயைத் திறக்காமல் குடித்துத் தொலைத்தாள். மறுநாள் அந்த வீட்டில் நடந்த ஓட்டப்பந்தயத்தை இந்தச் சமயத்தில் விவரிப்பது முறையல்ல.

ஆக, அவர் ‘நாம’ என்றால் அவர் ஒருத்தர் என்று அர்த்தம். குடும்பம் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். நேற்று மத்தியானம் தையலம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். பால்கனியிலிருந்து பார்த்தால், நீர் வற்றும் நேரத்தில் கடலுக்கு நடுவே ஒரு மணல்திட்டு தலைகாட்டும். சாயங்காலம் அங்கே ஒரு படகு போய்வரும். ஓய்வு பெற்ற நாள் முதலாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாம மேலயும் போயாச்சு, கீழயும் போயாச்சு. ஒரு தரமாவது பக்கவாட்டுல போகணும்,” என்பார்.

“நாம இன்னைக்கு மணல்திட்டுக்குப் போறோம். அஞ்சு மணிக்குப் படகு,” என்றார் நேற்று.

அவள் வாயில் ஏழு குண்டூசி. யாரோ ஒருத்தியின் கவுனுக்கு இடுப்புச் சுருக்கம் பிடித்துக்கொண்டிருந்தாள். “ம்,” என்றாள். ஊசியைக் கடித்துக்கொண்டு வேறு என்னத்தைச் சொல்வது?

அவர் கொஞ்ச நேரம் நின்றார். “அப்ப நாம முன்னால போறோம்,” என்றார்.

“ம்.”

அவ்வளவுதான் பேச்சு. முப்பத்தெட்டு வருஷத்துக் கடைசிப் பேச்சில் அவள் பங்கு இரண்டு மெய்யெழுத்து, அதுவும் ஒரே எழுத்து.

கீழே யாரோ பொத்தானை அழுத்தினார்கள் போலிருக்கிறது. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டு, மண்டிபோட்ட மாப்பிள்ளையையும் நாடாவையும் சேர்த்து இறக்கிக்கொண்டு போயிற்று. திரும்பி வந்தபோது இரண்டு பேராக வந்தார்கள். இன்னொருவர் வெயிலில் கறுத்து, சட்டையெல்லாம் உப்புப் பூத்த ஆள். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் ஒரு ஜோடிச் செருப்பு.

“தொப்பிக்கார ஐயா வீடு இதுதானேம்மா? நான் படகுக்காரன். நேத்து கலவரத்துல இதெல்லாம் பெஞ்சுக்கடியிலயே நின்னுபோச்சு.”

தையலம்மா செருப்பை வாங்கிக்கொண்டாள். அவர் காலைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

படகுக்காரர் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்து, தலையைக் குனிந்து ஒரு நிமிஷம் நின்றார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: “ரெண்டு பேருக்கு இடம் வச்சிருந்தோம். இன்னொருத்தங்க வரவேயில்ல. பத்து நிமிஷம் படகை நிறுத்திக்கூடப் பாத்தோம். அவங்களுக்கு விஷயம் சொல்லிட்டீங்களாம்மா?”

குழாயைத் திருகி மூடியதுபோல் நாத்தனாரின் அழுகை நின்றது.

“எந்த இன்னொருத்தங்க?”

படகுக்காரர் நாத்தனாரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தையலம்மாவைப் பார்த்தார். வைக்கக் கூடாத இடத்தில் காலை வைத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. “அது... எனக்குத் தெரியாதுங்க. படகைக் கழுவணும்,” என்று சொல்லி, மாப்பிள்ளை இன்னும் வெளியே வராத லிஃப்ட்டுக்குள் மறுபடி ஏறிக்கொண்டார். மாப்பிள்ளை இரண்டாவது தடவையும் கீழே போய்வந்தார்.

லிஃப்ட்காரர் படிவழியாக இறங்கினார். ஆறு பேர் தூக்கியும் மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு தரம் கீழே வைக்க வேண்டியிருந்தது. தையலம்மாவின் முழங்கால் படிக்கு ஆகாது. மகள் அவளை லிஃப்ட்டில் ஏற்றிப் பொத்தானை அழுத்தி அனுப்பினாள். அவர் படியில், அவள் லிஃப்ட்டில். அவள் கீழே வந்து பதினொரு நிமிஷம் காத்திருந்தாள். ரெண்டு பேர், ரெண்டு பேர் என்று அந்தப் பதினொரு நிமிஷமும் தலைக்குள் ஈ சுற்றியது. அவரைக் கொண்டுவந்தபோது அழ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. தட்டி எழுப்பி, யாருக்கு இடம் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டு மறுபடி படுக்க விடலாம் போலிருந்தது.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்து வீடு திரும்பிவிட்டார்கள். நாத்தனார் அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

“அண்ணி, மனசைத் திடப்படுத்திக்கோங்க. என் அண்ணனாவே இருந்தாலும் ஆம்பளைதானே?”

“உங்க அண்ணன் முக்குக் கடைக்குப் போனாலே வழி தவறிடுவார். அவருக்கு இன்னொரு வீட்டுக்கு வழி தெரியுமா?”

“அப்படிப்பட்டவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

“ரெண்டுல ஒண்ணுதான்,” என்றாள் மகள், விரலை நீட்டி. “அப்பா வேற யாரையோ வரச் சொன்னார். இல்லேன்னா, படகுக்காரர் தப்பாக் கேட்டுக்கிட்டார்.”

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று தையலம்மா சொல்லவில்லை. மிஷின் மேல் அந்தக் கவுன் நேற்று விட்டபடியே கிடந்தது. ஏழு ஊசியும் அதில் குத்தியபடி இருந்தன.

வெளியே கிளம்பினால் அவர் எப்போதும் பத்தடி முன்னால் நடப்பார். அவள் கேஸை மூடி, வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் பின்னால் வருவாள். அவர் திரும்பியே பார்க்க மாட்டார். வருவாள் என்று தெரியும். “நாம முன்னால போறோம்.” அவள் ‘ம்’ என்றாள். அந்த ‘ம்’முக்குப் போய்வாருங்கள் என்று அவள் அர்த்தம் வைத்தாள். வருகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தால்?

இதற்கு இன்னொருத்தி இருந்துவிட்டால்கூடத் தேவலை என்று ஒரு கணம் பட்டது. ஆசை தீரத் திட்டிவிட்டு அழலாம்.

நாலரைக்கு எழுந்து தன் செருப்பை மாட்டினாள். “கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரேன்.”

“இன்னைக்கா? அம்மா, உனக்கு என்ன ஆச்சு? இரு, நானும் வரேன்.”

“வேண்டாம். நீ வந்தா விரலை நீட்டுவ.”

படகுத்துறையில் பத்துப் பன்னிரண்டு பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கம்பத்தில் ஒரு சிலேட்டு தொங்கியது. அன்றைக்கு வருகிறவர்களின் பெயரும் தலைக்கணக்கும் சாக்கட்டியால் எழுதியிருந்தது. அதற்கு அடியில் நேற்றைய எழுத்து சரியாக அழியாமல் வெளிறித் தெரிந்தது: தொப்பி ஐயா, 2.

தையலம்மா படகுக்காரரின் முன்னால் போய் நின்றாள். “அவர் உங்ககிட்ட என்ன வார்த்தை சொன்னாரு? மாத்தாம அப்படியே சொல்லுங்க.”

படகுக்காரர் கயிற்றைக் கீழே போட்டார். “காலையில ஃபோன் பண்ணாரு. ‘அஞ்சு மணிக்கு நாம வரோம்’னாரு.”

“ரெண்டு பேருன்னு சொன்னாரா?”

“சொல்லணுமா? நாமன்னா எத்தனை பேரும்மா? குறைஞ்சது ரெண்டு இருக்கணும்ல? ரெண்டுன்னு எழுதிக்கிட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. சிலேட்டிலிருந்த இரண்டு அவர் சொன்ன இரண்டே இல்லை. டாக்டர் மாதிரி, பதிவு அதிகாரி மாதிரி, இந்த மனிதரும் ஏமாந்திருக்கிறார். இன்னொருத்தியும் இல்லை, அவளும் இல்லை, வெறும் நாமதான்.

“அப்புறம் எதுக்குப் பத்து நிமிஷம் நிறுத்தச் சொன்னாரு?”

“அவர் எங்கம்மா சொன்னாரு? ஒரு தலை குறையுதேன்னு நானா நிறுத்தினேன். அவர் போகலாம்னும் சொல்லல, இருன்னும் சொல்லல. ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.”

“ரோட்டுல எந்தப் பக்கம்?”

“இங்க ரோடு ஒரு பக்கந்தாம்மா இருக்கு.”

திரும்பிப் பார்த்தாள். அவள் இப்போது நடந்து வந்த ரோடுதான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் எங்கேயாவது பார்க்கத்தானே வேண்டும்? அவர் சுவரையே ஒரு மணி நேரம் பார்க்கக்கூடியவர். நாற்பத்தொரு வருஷம் சுவரைப் பார்த்துத்தானே சம்பாதித்தார்?

“அண்ணே, பேசிக்கிட்டே இருந்தா சூரியன் நமக்காக நிக்குமா?” என்று படகிலிருந்து ஒருத்தன் குரல் கொடுத்தான்.

“ஏறுங்கம்மா,” என்றார் படகுக்காரர். “மீதியைப் போற வழியில பேசுவோம். உங்களுக்கு இடம் இருக்கு.”

மீதி ஒன்று இருக்கிறது என்றதும் அவள் ஏறிவிட்டாள்.

படகுக்கு அவசரமே இல்லை. ஆமை பார்த்திருந்தால் ஒதுங்கி வழிவிட்டுவிட்டு, இவ்வளவு மெதுவாகவும் போகலாமா என்று வியந்திருக்கும். ஒரு ஜோடி காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரே பாட்டை ஆளுக்கு ஒரு காதில் கேட்டது. ஒரு குண்டு மனிதர் இரண்டு பேர் இடத்தை எடுத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். தையலம்மா அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த இளம்பெண் சிரித்தபடி கேட்டாள்: “தனியாவா ஆன்ட்டி வந்தீங்க?”

சாதாரணக் கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் அவள் திட்டு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டிருந்தாள்.

படகு மணலில் உரசி நின்றது. எஞ்சினை நிறுத்தியதும் உலகத்தையே நிறுத்திவிட்டதுபோல் இருந்தது. சுற்றிலும் கடல், நடுவில் கணுக்கால் அளவுத் தண்ணீர். வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் மணல் கோடு கோடாக, யாரோ உட்கார்ந்து பொறுமையாகச் சுருக்கம் பிடித்ததுபோல் கிடந்தது. இவ்வளவு நேர்த்தியாகத் தன்னாலும் பிடிக்க முடியாது என்று நினைத்தாள். தூரத்தில் அவர்கள் கட்டடம் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. எல்லா ஜன்னலிலும் சூரியன். எது ஐந்தாவது மாடி என்று எண்ணிப் பார்த்தாள். இரண்டு தரமும் வேறு வேறு இடத்தில் முடிந்தது.

படகுக்காரர் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தண்ணீரிலேயே போட்டார். எல்லாரும் அதைத் தாண்டித் திட்டின் மறுகோடிக்குச் சளசளவென்று நடந்துபோனார்கள்.

“இங்கதாம்மா,” என்று ஒரு நாற்காலியைக் காட்டினார் படகுக்காரர். “இப்படித்தான், காலைத் தண்ணியில விட்டுக்கிட்டு.”

அவள் அதில் உட்கார்ந்தாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

“நல்லாத்தான் இருந்தாரும்மா. தண்ணிக்குள்ள கட்டை விரலை ஆட்டி ஆட்டிப் பாத்துக்கிட்டிருந்தாரு. எல்லாரும் அந்தக் கோடிக்குக் கிளம்பினாங்க. ‘வாங்கய்யா, ஒரு நடை போய்ட்டு வரலாம்’னேன். ‘நீங்க போங்க, நான் இங்கயே இருக்கேன்’னாரு. திரும்பி வந்து பாத்தா...”

“என்ன சொன்னாரு?”

“நீங்க போங்கன்னாரு.”

“அதுக்கு அப்புறம்?”

“நான் இங்கயே இருக்கேன்னாரு.”

“‘நாம இங்கயே இருக்கோம்’னு சொல்லியிருப்பார். உங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காது.”

“இல்லம்மா. நான்னுதான் சொன்னாரு.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவருக்கு அந்த வார்த்தை வராது.”

படகுக்காரருக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. “எனக்குக் காது நல்லாத்தாம்மா கேக்குது. எஞ்சின்கூட ஓடல. எல்லாரும் போயாச்சு, அவரைச் சுத்தி ஒரு ஈ காக்கா இல்ல. ஒத்தை ஆளா உக்காந்துக்கிட்டு நாமன்னு எப்படிம்மா சொல்வாரு?”

சொல்லிவிட்டு அவர் மற்றவர்களைப் பார்க்கப் போய்விட்டார்.

தையலம்மா கட்டை விரலைத் தண்ணீருக்குள் ஆட்டிப் பார்த்தாள். மணல் கொஞ்சம் புகைந்து எழுந்து, மறுபடி படிந்தது.

நாம குளிச்சாச்சு. துண்டை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றது யார்? நமக்கு முதுகு அரிக்குது. சொறிந்துவிட்டது யார்? நமக்கு வெளிக்கிப் போகலைங்க. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது... மருந்தைக் குடித்ததும்தான். ஒவ்வொன்றாக எடுத்து, தையல் பிரித்துப் பார்ப்பதுபோல் பார்த்தாள். யாரும் இல்லாத இடத்தில் அவர் என்ன சொல்வார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? யாரும் இல்லாத இடத்தில் அவளும்தானே இருந்திருக்க மாட்டாள்?

அப்படியானால் நேற்று மத்தியானம், மிஷினுக்குப் பக்கத்தில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு...

சூரியன் தண்ணீரைத் தொட்டது. மறுகோடியில் கை தட்டினார்கள். அது அமிழ்ந்து முடிய அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள், எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமலேயே. போனவர்கள் சிரிப்பும் சளசளப்புமாகத் திரும்பி வந்தார்கள். நீர் கணுக்காலுக்கு மேல் ஏற ஆரம்பித்திருந்தது. படகுக்காரர் நாற்காலிகளை ஒன்றொன்றாகப் படகில் அடுக்கினார். கடைசியில் அவள் நாற்காலி மட்டும் நின்றது. அவர் கொஞ்சம் தள்ளி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நாம கிளம்பலாமாம்மா?”

“ம்,” என்றாள்.

உடனே உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வாயில் ஒரு ஊசியும் இல்லை.

“வரேன்,” என்றாள். சொன்னது சத்தமாகவே வந்துவிட்டது. பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஜோடி திரும்பிப் பார்த்தது. குண்டு மனிதர் கண்ணைத் திறந்தார். “இதோ, வரேன்.”

படகுக்காரர் கை கொடுத்து ஏற்றிவிட்டார். புடவை ஓரத்தைப் பிழிந்துவிட்டு அவள் பலகையில் உட்கார்ந்தாள். அந்தப் பலகையில் வேறு யாரும் இல்லை. நாலு பேர் தாராளமாக உட்காரலாம். படகு மணலை விட்டு மெல்ல மிதந்தபோது, அவள் ஓரமாக ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தாள்.